புழுதி விதைப்பும் மழைத் தொழுகையும்

கோடையில் வெடித்துக் கிடந்த இராமநாதபுரத்துப் புஞ்சைகளில், ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசிப் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள் நம் விவசாயிகள். மழை பொய்த்தால் விதையும் உழவுக் கூலியும் மண்ணோடு போகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதும் இதுதானே!

மழை தாமதித்தால் திடலில் கூடி இரண்டு ரக்அத் தொழுகிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் செய்தபடி மேலாடையைப் புரட்டிப் போடுகிறோம். ஆனால் அதற்கு முன் மூன்று நாள் நோன்பும், தவ்பாவும், அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் வேண்டும் என்று ஷாஃபிஈ கிதாபுகள் கூறுகின்றனவே! கண்மாய் வரத்துக்காலில் ஒரு முழம் வரப்பை நகர்த்தியவரும் முதல் ஸஃப்பில் நின்று கையேந்துகிறார். அல்லாஹ் மழையைத் தந்தாலும், அந்தத் தண்ணீர் எவ்வழியே கண்மாய்க்கு வரும்? திடலுக்கு வருமுன் மண்வெட்டியோடு அங்கே போகட்டும்.