ரிஸ்கோமீட்டரில் இல்லாத முள்

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரங்களில் ரிஸ்கோமீட்டர் என்று ஓர் அரைவட்டம் இருக்கும். செபி கட்டாயமாக்கிய படம். நாம் போட்ட பணத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அதன் முள் காட்டும். அந்தப் பணத்தால் யாருக்கு என்ன ஆபத்து என்பதற்கு முள் கிடையாது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மணலோடு ஒட்டிக்கிடக்கும் தாரைப் பிரித்து எண்ணெய் எடுக்கிறார்கள். கழிவுநீர் பெரிய பெரிய குட்டைகளில் தேங்குகிறது. 2020-இல் நார்வே அரசின் முதலீட்டு நிதி, சன்கோர் உட்பட நான்கு எண்ணெய் மணல் நிறுவனங்களைக் கரியமில வாயு காரணமாக விலக்கியது. (அந்த நிதியே வடகடல் எண்ணெய்க் காசு என்பது தனி வேடிக்கை.) முதலிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாசம் ஆயிரம் ரூபாய் போடும் சிட்கோ டெய்லருக்கும் ஓஎன்ஜிசியிலும் கோல் இந்தியாவிலும் துளி பங்கு உண்டு.

இந்தக் கணக்கை நொய்யல் ஏற்கெனவே ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டது. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டியது. சாயக்கழிவு சேர்ந்து அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனது. சாயப்பட்டறையில் பணம் போட்டவருக்கு ரிஸ்க் என்றால் நூல் விலை, டாலர், ஆர்டர். உப்பேறிய கிணறு கீழே இருந்த விவசாயியின் கணக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்குத்தான் விவசாயியின் ஆபத்து முதலாளிக்கும் ரிஸ்க் ஆனது. கூலிக்கு நின்றவருக்கும்தான்.

"நாம வாங்கறது இன்னொருத்தன்கிட்ட இருந்துதான் மாப்ள, கம்பெனிக்கு ஒத்தப் பைசா போறதில்ல" என்றான் நண்பன். நிலக்கரிப் பங்கு வாங்கலாமா என்ற பேச்சு. பாதி சரி. ஆனால் டிவிடெண்ட் அந்த இன்னொருத்தனிடமிருந்து வருவதில்லையே, கம்பெனிதானே தருகிறது.

"ரிஸ்க் அதிகம், அதனால் வேண்டாம்" என்று பசுமை முதலீட்டுக்காரர்கள் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை. கோர்ட்டு எட்டாத ஊரில், சட்டம் தூங்கும் வருஷத்தில், அதே வாதம் "வாங்கு" என்றல்லவா சொல்லும்?

இன்று திருப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு சாயக்கூலியிலேயே ஏறிவிட்டது. அதைக் கட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க முடிகிறது. நிலக்கரி லாபத்தை அப்படிக் கழித்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை, வாங்கவில்லை. இண்டெக்ஸ் ஃபண்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் துளிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நண்பன் வாங்கிவிட்டான். டிவிடெண்ட் நல்லா வருதாம்.