தன்னநுபவமே சான்றாமோ?

ஆன்மா தான் எய்திய நிலையைத் தன் அநுபவம் ஒன்றே கொண்டு துணியலாமோ என்னும் வினா சைவவுலகில் மீண்டும் மீண்டும் எழுவதொன்று. ‘எமக்கு இன்பம் விளைந்தது, வேறு பிரமாணம் எற்றுக்கு?’ என்பார் சிலர். சுருதி, குரு, சுவாநுபவம் என்னும் மூன்றும் தம்முள் ஒத்தவழியே துணிவு பிறக்குமென்பது நம் ஆசாரியர் கொள்கை. மூன்றாவதனைத் தனித்துக் கொள்ளின் நேரும் இடரை, இக்காலத்துக் கடலுள் மூழ்குவார் பயிற்சியினின்றும் ஓர் உதாரணத்தான் விளக்கப் புகுகின்றாம். உத்திரமேரூர் ஏரிக்கரையில் வாழும் எமக்குக் கடலாழத்தோடு என்ன உறவு என அன்பர் நகைத்தல் வேண்டா.

முதுகிற் கட்டிய உருளையில் அடைத்த காற்றைச் சுவாசித்து நீருள் இயங்குதல் ஸ்கூபா எனப்படும். பொழுதுபோக்காகப் பயில்வார்க்கு 40 மீட்டர் எல்லை. அதற்குட்பட்டவர் இடர் நேரின் நேரே மேலெழலாம். அதனைக் கடப்பது டெக்னிகல் டைவிங் என்னும் வேறு பயிற்சி. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மீஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடத்தலின், அதனைக் காண விழைவார்க்கு இப்பயிற்சி வேண்டப்படுகின்றது. பல்லாண்டு பழகியவரும் ஈண்டு முதல்வகுப்பு மாணாக்கரே.

ஆழத்தின் அழுத்தத்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலிற் கரைந்து தங்கும். விரைந்தெழின் அது குமிழியாகி மூட்டினையும் நரம்பினையும் வதைக்கும், உயிரையுங் கொள்ளும். ஆதலின் இடையிடை நின்று நின்றே எழல்வேண்டும். இம்முறையை ஹால்டேன் என்னும் அறிஞர் 1908 இல் வெளியிட்டார். தலைக்குமேல் தடையொன்றுமில்லை, ஒளி தெரிகின்றது, எனினும் எழலாகாது. முகந்துகொண்டதைக் கழித்தே ஏறவேண்டும் என்னும் இது பிராரத்தத்தை நினைப்பூட்டும்.

எடுத்த பொருளுக்கு மிக இயைவது பிறிதொன்று. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திலேயே அந்நைட்ரஜன் அறிவை மயக்கத் தொடங்கும். பலர்க்கு அச்சம் நீங்கிக் களிப்பு மிகும். தாம் தெளிவாகவே இருப்பதாகத் தோன்றும். 1947 இல் கூஸ்டோவின் குழுவினரான மோரிஸ் ஃபார்க் வெறுங்காற்றைச் சுவாசித்து மிக்க ஆழத்திற் சென்று உயிர்நீத்தார். கயிற்றில் 120 மீட்டரளவிற் கட்டிய பலகையில் அவர் இட்ட கையொப்பம் பின்னர்க் காணப்பட்டது. புறவிருள் பொருளை மறைப்பினும் தன்னை இருளென்று காட்டும். ஆணவமோ தன்னையும் மறைக்கும் என நம்மவர் கூறும் வேற்றுமைக்கு இதனினும் அணித்தாய உவமை எமக்குக் கிட்டிற்றில்லை. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மவியல்பு. மயக்கத்தைச் சார்ந்த அறிவு அம்மயக்கத்தை அளக்குங் கோலாதல் யாங்ஙனம்?

அற்றேல் மூழ்குவார் உய்யுமாறு என்னை எனின், கரையில் தெளிந்திருந்தபொழுதே வகுத்த விதியானும் உடன்வருந் துணையானும் என்க. ஆழமும் நேரமும் முன்னரே குறிக்கப்படும். காற்றில் மூன்றிலொரு பங்கு செல்லுதற்கு, ஒரு பங்கு மீளுதற்கு, எஞ்சியது இடருக்கு எனப் பகுப்பதும் உண்டு. துணைவர் மேலெழுகவெனக் கைகாட்டின் காரணம் வினவாது மீளல்வேண்டும். ‘எனக்கொன்றுமில்லை’ என்னுந் தன்னுணர்வு ஆங்குச் செல்லாது. தூத்துக்குடியில் மூச்சடக்கி முத்துக்குளித்தாரும் படகிற் கயிறு பிடிக்க நம்பத்தக்காரையே நிறுத்தினர். எம்மூர்க் கல்வெட்டும் இக்கருத்தினதே. பராந்தகன் காலத்து 921 ஆம் ஆண்டில் வாரியத்தார்க்கு 35 முதல் 70 வரை வயதெல்லை வகுத்ததும், கணக்குக் காட்டாதாரை விலக்கியதும், அவையோர் தம் பிற்காலத்து ஆசைக்குத் தாமே முன்னதாக இட்ட வேலியன்றோ?

மேனாட்டார் அம்மயக்கத்தை ஆழத்தின் பரவசம் என்பர். பெயரழகு கண்டு அதனைச் சிவானந்தத்தோடு ஒப்பிடுவாரை யாம் உடன்படேம். சிவானந்தத்தில் அறிவு விளங்கும். இதன்கண் அறிவு குன்றும். உவமையும் முற்றும் பொருந்துவதன்று. சில மீட்டர் மேலெழவே அம்மயக்கம் அகலும். ஆணவம் அநாதியாகலின் திருவருளானன்றி உயிர் தன் முயற்சியால் அதனினின்று எழுதலில்லை. அநுபவத்தையும் யாம் விலக்கினேமல்லேம். கரையிலிருந்து விதியை மாத்திரம் ஓதுவார் ஹெர்மீஸைக் காண்பாரல்லர். சுருதியும் குருவும் உடன்பட்டபின் சுவாநுபவத்துக்கு எத்துணை உரிமையுண்டு என்பதைப் பிறிதோரிதழில் ஆராய்வாம்.