சம்மதம் போதுமா?

எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, ஒரு மாலைப் பொழுதில் நின்றிருந்தோம். கரையேற்றிய படகுகளுக்கு இடையில் சிறுவர் சிலர் கையுறை அணிந்து குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தனர். அறுந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் நம்மை நோக்கி, "பாய், நம்ம பையனும் பாக்ஸிங் கத்துக்கறேன்றான். அனுப்பலாமா?" என்று கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை.

வடசென்னைக்கு இக்கலை புதிதன்று. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குருகுலங்களைப்போல் வாத்தியார்களின் வழியே வளர்ந்தது அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் கடலில் வலை வீசியவனும் மேடையேறிய அன்றேனும் தலைநிமிர்ந்து நின்றனர். அந்த மானத்துக்கு மாற்றாக எதையும் தராமல், சாய்வு நாற்காலியில் அமர்ந்து "தடை செய்க" என்று எழுதுவது எளிது. நாமும் அந்த நாற்காலிக்காரர்களே. அதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம்.

நம் இல்லங்களில் முஹம்மது அலியின் பெயரை அறியாதார் இலர். 1980இல் அவர் சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை புரிந்தார். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். 1984இல் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் கண்டறியப்பட்டன. குத்துகள்தாம் அதற்குக் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமனப்படவில்லை. ஆயினும், அவருடைய மருத்துவரான ஃபெர்டி பச்சேக்கோ 1977இலேயே போதும் என்று எச்சரித்து, அது கேளாச் செவியில் விழவே விலகிக்கொண்டார். அலி ஏமாற்றப்பட்டவர் அல்லர், அறிந்தே இசைந்தவர்.

அறிந்து இசைந்தவனை யார் தடுக்க முடியும் என்று கேட்கின்றனர். வினா வலிமையானதுதான். ஆனால் இசைபவன் இருபது வயதினன். விலை கொடுப்பவனோ ஐம்பது வயதினன். நடுங்கும் அக்கைக்குச் சோறூட்டப்போகிற மனைவியிடம் எவர் சம்மதம் கேட்டார்? உடல் நமக்கு உடைமையன்று, அமானிதம் என்பது நம் மார்க்கத்தின் நிலை. 'என்னைக் கொல்' என்று ஒருவன் அனுமதித்தாலும் கொல்வது ஆகாது என்பர் சட்ட அறிஞர்கள். சண்டையிடும்போதும் முகத்தைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். 1987இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், இன்றுள்ள முறையிலான குத்துச்சண்டை கூடாது என்று தீர்ப்பளித்தது.

பாதுகாப்புச் சாதனங்கள் உள்ளனவே என்பர். தேங்காயைத் துணியால் சுற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே நீர் அலையாமல் நின்றுவிடுமா? மூளையும் அப்படித்தான் மண்டைக்குள் ஆடி மோதுகிறது. தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். அந்த ஆட்டத்தைத் தடுப்பது அரிது. கையுறையோ குத்துபவனின் விரல்களைக் காத்து, தலையில் மேலும் பல குத்துகள் விழவே வழி செய்கிறது. குத்துச்சண்டைக்காரரின் மூளைச் சிதைவை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் எழுதிவிட்டார். உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறையத் தொடங்கியதோ, 1982இல் கொரிய வீரர் டுக் கூ கிம் மேடையில் அடிபட்டு மாண்ட பிறகே. விதிகள் பெரும்பாலும் ஜனாஸாவுக்குப் பின்னரே வந்து சேர்கின்றன! 2022 ஆகஸ்டில் நம் சென்னையிலேயே, தேசிய கிக்பாக்ஸிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் இரண்டொரு நாளில் உயிர்நீத்தார்.

கால்பந்திலும் கபடியிலும் தலையில் அடிபடுவதுண்டு. அது தவறி நேர்வது. இங்கோ எதிரியை நினைவிழக்கச் செய்வதே வெற்றி. எனவே கலையை அழிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. தலையை இலக்கிலிருந்து நீக்க வேண்டும் என்கிறோம். அதன்பின் அது குத்துச்சண்டையாகவே இராது என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

சில நாள் கழித்து நெட்டுக்குப்பம் சென்றபோது அந்த மீனவரிடம் சொன்னோம்: "அனுப்புங்கள், கயிறு தாண்டட்டும், மூட்டையைக் குத்தட்டும், காலடி பழகட்டும். தலையில் குத்து வாங்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு தருவார் என்று வாத்தியாரிடம் முதலில் கேளுங்கள்." அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல், "வாத்தியாரு தலையிலேயும் நிறைய வாங்கினவரு, பாய்" என்றார்.