யாருக்கு எவ்வளவு?

பல ஆண்டுகளுக்கு முன் என்னை ஒரு பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களின் மனம் தெரியும் என்று உறவினர்கள் நம்பியதுதான் காரணம். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

வழக்கு என் பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே. பெரியவர் ஊரோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னவனுக்குச் சென்னையில் உத்தியோகம். நிலம் பொது. அந்த வருஷம் பெரியவர் பழைய நெட்டை நெல்லைக் கைவிட்டு, புதிதாக வந்த குட்டை ரக விதையைத் தேடி வாங்கி வந்து நட்டார். அதே வருஷம் சின்னவன், முதல் தடவையாக, உரத்துக்கென்று பணம் அனுப்பினான். விளைச்சல் ஏறக்குறைய இரட்டித்தது. சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் சண்டை தொடங்கிற்று. கூடுதலாக வந்த நெல்லில் யாருக்கு எவ்வளவு?

"நீதான் படிச்சவனாச்சே, நீயே சொல்லப்பா," என்றார் பெரியவர். "விதையைத் தேடி அலைஞ்சவன் நான். நாலு மாசம் சேத்துல நின்னவன் நான். இவன் பணம் தானா வந்து நாத்து நட்டுதா?"

"அண்ணா, நீங்களே கேளுங்க," என்றான் சின்னவன் என்னிடம். "போன வருஷமும் இவர் சேத்துலதான் நின்னார். என்ன விளைஞ்சுது? வெறும் எருவைப் போட்டுட்டு அந்த விதையை நட்டிருந்தா இந்த நெல்லு வந்திருக்குமா?"

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியம்மா, "ரெண்டு கை தட்டினாத்தான்டா ஓசை," என்றாள். பழமொழி சொல்கிறவளிடம் கணக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொன்னேன்: பத்தில் ஆறு பெரியவருக்கு, நாலு சின்னவனுக்கு. எந்தக் கணக்கில் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. உழைப்பு பணத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்தது என்ற ஒரு மங்கலான நினைப்பு; அவ்வளவுதான். நெல்லை அந்தப்படி அளந்துகொண்டார்கள். ஆனால் சின்னவன் மனத்தில் 'நாலு' என்ற எண் தைத்துவிட்டது. பெரியவர் மனத்தில் 'ஆறுதானா?' என்ற கேள்வி தைத்துவிட்டது. அடுத்த தை மாதத்துக்குள் நிலம் பாகம் பிரிந்தது.

என் தீர்ப்பில் இருந்த தவறு எனக்கு வெகுநாள் புரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் நான்கு கட்டம் போட்டார். "நீங்கள் விடையில் தவறவில்லை. கேள்வியிலேயே தவறிவிட்டீர்கள்," என்றார்.

அந்த நான்கு கட்டங்களின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ராத்தம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு வயலில் 1843 முதல் கோதுமையைப் பயிரிட்டு, எந்த உரத்துக்கு எவ்வளவு விளைகிறது என்று குறித்து வருகிறார்கள். 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணித மேதை அங்கே வேலைக்கு வந்தார். இயற்கையிடம் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பது அன்றைய ஆராய்ச்சியாளர்களின் ஐதிகம். உரத்தைச் சோதிக்க வேண்டுமா? மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்துக்கொண்டு உரத்தை மட்டும் மாற்று. அது முடிந்தபின் விதையை மாற்று. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஃபிஷர் 1926-இல் எழுதிய கட்டுரையில் இந்த ஐதிகத்தை மறுத்தார். கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும், தனித்தனியாகக் கேட்டால் இயற்கை பல சமயம் பதிலே சொல்லாது என்பது அவர் கட்சி.

நண்பர் போட்ட கட்டங்கள் அந்தச் சேர்ந்த கேள்விகளே. கணக்குக்காக வைத்துக்கொள்வோம் என்று சில எண்களை எழுதினார். பழைய விதை, உரமில்லை: ஏக்கருக்குப் பத்து மூட்டை. பழைய விதைக்கு உரம் போட்டால் பதினொன்று. புதிய விதை, உரமில்லாமல்: அதுவும் பதினொன்று. புதிய விதையும் உரமும் சேர்ந்தால் இருபது.

"கூடுதல் பத்து மூட்டை. இப்போது உங்கள் தம்பியைக் கேட்போம். உரத்தை எடுத்துவிட்டால் இருபது பதினொன்றாகிவிடும். ஆகவே ஒன்பது மூட்டை என்னுடையது என்பார். அண்ணனைக் கேட்போம். விதையை எடுத்துவிட்டாலும் இருபது பதினொன்றுதான். ஒன்பது என்னுடையது என்பார். இரண்டும் உண்மை. ஆனால் கூட்டினால் பதினெட்டு! இருப்பதோ பத்து. சரி, வேறு விதமாகக் கேட்போம். நீ தனியாக என்ன சாதித்திருப்பாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டால், ஒவ்வொரு மூட்டை. கூட்டினால் இரண்டு. மிச்சம் எட்டு மூட்டை யாருடையது?"

நான் விழித்தேன்.

"அந்த எட்டு மூட்டை விதையினுடையதும் அல்ல, உரத்தினுடையதும் அல்ல. இரண்டும் சந்தித்ததால் விளைந்தது. எங்கள் பாஷையில் அதற்கு இடைவினை என்று பெயர். அதை ஆறும் நாலுமாகப் பிரிக்க எந்தக் கணிதத்துக்கும் சக்தி கிடையாது."

அப்படியானால் சராசரி பார்க்கலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். உரத்தால் பழைய விதைக்கு ஒன்று கூடியது, புதிய விதைக்கு ஒன்பது கூடியது, சராசரி ஐந்து. "ஆனால் இந்த ஐந்து மூட்டை எந்த வயலில் விளைந்தது? எங்குமே இல்லை! இடைவினை பெரிதாக இருக்கும்போது சராசரி என்பது ஊரில் இல்லாத ஆளுக்குத் தைத்த சட்டை."

இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் நெட்டை நெல் ஒன்றையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து பிறந்த ரகம் அது. நெட்டை நெல்லுக்குத் தழைச்சத்து உரத்தை நிறையப் போட்டால் பயிர் செழித்து வளரும். கதிர் கனத்ததும் தாள் தாங்காமல் படுத்துவிடும். உரம் கூடக் கூட விளைச்சல் குறைந்ததும் உண்டு. குட்டைத் தாளோ கனத்தைத் தாங்கி நின்றது. உரம் நல்லதா என்று கேட்டால் இதற்கு என்ன பதில்? எந்த நெல்லுக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் பதில்.

எல்லா இடைவினையும் இவ்வளவு ஆழமானது அல்ல என்றும் நண்பர் எச்சரித்தார். ஒரு வயலில் பத்து பன்னிரண்டாகி, இன்னொன்றில் இருபது இருபத்துநாலானால், மூட்டைக் கணக்கில் ஒன்றுக்கு இரண்டும் மற்றதற்கு நாலும் கூடியது. மடங்குக் கணக்கில் இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்குதான். இங்கே இருக்கிற வேற்றுமை அளவுகோலின் வேற்றுமை. ஆனால் ஓரிடத்தில் ஏற்றுவது இன்னோரிடத்தில் இறக்கினால், எந்த அளவுகோலை மாற்றினாலும் அது மறையாது.

இதைக் கேட்டபோது எனக்கு வயல் மறந்துவிட்டது. நம் வீடுகள் ஞாபகம் வந்தன. பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பது நல்லதா என்று நாம் ஓயாமல் விவாதிக்கிறோம். ஒரு பிள்ளையை நிமிர்த்திய கண்டிப்பு, அதே வீட்டில் இன்னொரு பிள்ளையை ஒடித்துப்போட்டிருக்கும். சராசரி எடுத்தால் கண்டிப்புக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று வரும்! இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையும் அந்தப் பூஜ்யத்துக்குள் மறைந்துபோகும்.

ஆச்சரியம் என்னவென்றால், வயலில் இதை உலகுக்குக் காட்டிய ஃபிஷர், மனிதர் விஷயத்தில் இதற்கு அவ்வளவு மதிப்புத் தரவில்லை. பிறவிக்கு இவ்வளவு, சூழ்நிலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதை லான்ஸ்லாட் ஹாக்பென் என்ற உயிரியல் அறிஞர் 1933-இல் எதிர்த்தார். இரண்டும் சேரும் சேர்க்கையால் வரும் வேற்றுமையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஃபிஷர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேதைக்கே தன் வயல் பாடம் தன் வீட்டு வாசல் வரை வரவில்லை என்றால், என் போன்றவன் ஆறு நாலு என்று உளறியதில் என்ன வியப்பு?

ஹாக்பென் கேட்ட அடுத்த ஆண்டே, 1934-இல், நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபாலிங் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர். உணவுப் புரதத்தில் உள்ள ஒரு சத்தைச் செரித்து மாற்ற முடியாத பிறவிக் குறை அது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டும். அந்தக் குழந்தைக்கு எல்லாக் குழந்தைகளும் குடிக்கிற பாலே விஷமாகி மூளை வளர்ச்சியைத் தடுத்துவிடும். 'குட் எர்த்' நாவலால் புகழ்பெற்று நோபல் பரிசு வாங்கிய பெர்ல் பக்கின் மகளுக்கு இருந்த நோய் இதுதான். மகள் பிறந்தது 1920-இல். தாய் அந்த வேதனையைச் சிறு நூலாக எழுதியது 1950-இல். காரணம் இன்னதென்று தெரியாமலே ஒரு தாய் கழித்த ஆண்டுகள் அவை.

இந்த நோய்க்குக் காரணம் பிறவியா, பாலா? பிறவிக் குறை இல்லாவிட்டால் பால் ஒன்றும் செய்யாது. அந்தச் சத்து மிகாமல் பார்த்துக்கொண்டால் பிறவிக் குறையும் பெரும் கேடு செய்யாது. இங்கே பழியை எத்தனை சதவிகிதமாகப் பிரிப்பது? நல்லவேளை, 1950-களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கெல் முதலிய மருத்துவர்கள் பழியைப் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டில் எதை மனிதக் கையால் அசைக்க முடியும் என்று பார்த்தார்கள். பிறவியை மாற்ற முடியாது, உணவை மாற்றலாம். மாற்றினார்கள். இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இந்தக் குறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டதும் உணவை மாற்றினால் குழந்தை மற்றவர்களைப் போல வளர்கிறது.

பிரிக்க முடியாது என்றால், யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? இந்தக் கேள்வியை நான் வெகுநாள் சுமந்திருக்கிறேன். கூட்டுக் குற்றம் செய்தவர்கள் 'நான் மட்டுமா?' என்று கேட்கும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நான்கு கட்டங்கள் சொல்வது அதற்கு நேர்மாறானது. விதையை எடு, ஒன்பது மூட்டை போகும். உரத்தை எடு, அதே ஒன்பது மூட்டை போகும். அந்த எட்டு மூட்டைக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. பொறுப்பு என்பது அப்பத்தைப் போல ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைகிற பொருள் அல்ல. நன்மையிலும் அப்படித்தான், தீமையிலும் அப்படித்தான்.

இன்று அந்தக் கூடத்தில் என்னை உட்கார வைத்தால், "பாதி பாதி எடுத்துக்கொள்ளுங்கள்," என்றுதான் சொல்லுவேன். சொல்லிவிட்டு, "இது நியாயத்துக்காகச் செய்கிற ஏற்பாடு. இவரால் இவ்வளவு விளைந்தது என்று நான் கண்டுபிடித்த உண்மை அல்ல," என்றும் சொல்லுவேன். அன்று நான் செய்த பிழை எண்ணில் இல்லை. என் ஏற்பாட்டை அவர்களுடைய மதிப்பாக அவர்கள் எடுத்துக்கொள்ளும்படி விட்டேனே, அதுதான் பிழை.

பாகம் பிரிந்த வருஷம், பெரியவர் தம் பங்கில் குட்டை நெல்லைத்தான் நட்டார். உரம் வாங்கக் கையில் பணமில்லை. சின்னவன் தன் பங்கைக் குத்தகைக்கு விட்டான். குத்தகைக்காரர் உரம் போட்டார். நட்டது மட்டும் தமக்குப் பழகிய நெட்டை நெல்லை. மழையில் பயிர் படுத்துவிட்டது. இரண்டு பங்கிலும் விளைச்சல் பழையபடி இறங்கிற்று.

அறுவடை முடிந்ததும் இருவரிடமிருந்தும் எனக்குத் தனித்தனியே கடிதம் வந்தது. பேசி வைத்துக்கொண்டாற்போல இருவரும் ஒன்றே எழுதியிருந்தார்கள்: நான் விலகியதும் என்ன ஆயிற்று, பார்த்தாயா?

இருவர் எழுதியதும் உண்மை. எவருக்கும் நான் பதில் போடவில்லை.