புதிய வாகனமும் பழைய உள்ளமும்

புதிதாக ஒரு வாகனத்தை வாங்கி வீடு கொண்டுவந்து சேர்ப்பவனின் உள்ளத்தில் எழும் பூரிப்பு நன்றியா, பெருமையா? இரண்டும் முகத்தில் ஒரே மலர்ச்சியையே காட்டுகின்றன. ஆதலால் பார்ப்பவர் தீர்ப்புக் கூற இயலாது. ஏறியவனே தன்னைத் துருவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

அண்மையில் நம் தங்கை மகன், நெடும்பயணத்துக்கென்று அமைந்த ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 மோட்டார் சைக்கிளைத் திருநெல்வேலியில் வாங்கி, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியே காயல்பட்டினம் வரை ஓட்டி வந்தார். பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணம். வட்டிக் கடன் இல்லை என்பதில் நமக்கு நிம்மதி. வேகத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். “கடையைவிட்டு வெளியே தள்ளும்போதே கை நடுங்கிவிட்டது, மாமா! அது என்னைவிட மூன்று மடங்கு கனம். சாய்ந்தால் என்னால் தாங்க முடியாது” என்றார். வண்டியின் எடை 241 கிலோ. ஓடத் தொடங்கியபின் அந்தக் கனமே தெரியவில்லையாம். திரும்ப எண்ணும்போதே திரும்பிற்றாம். எனினும் புது டயரின் வழவழப்புத் தேயும்வரை வளைவில் அதிகம் சாய்க்கலாகாது என்பதால், வழி நெடுக அடங்கியே வந்திருக்கிறார்.

வாகனம் ஏறும்போது ஓதும்படி ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்கள் கற்பிக்கும் துஆ நம்மில் பலருக்கு மனப்பாடம். அதில் இரு சொற்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. ஒன்று ‘ஸக்கர’, வசப்படுத்தித் தந்தான் என்று பொருள். மற்றது ‘முக்ரினீன்’. ‘கிர்ன்’ என்றால் போர்க்களத்தில் ஈடான எதிராளி. அதே வேரில் பிறந்த இச்சொல், இதற்கு நாம் ஈடானவர் அல்லர் என்று வாகனத்தின் முதுகில் அமர்ந்தபடியே நம்மை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. ஒட்டகத்தின் மேல் அமர்ந்தவனுக்கு அது கண்கூடு. எந்திரமோ மனிதன் செய்ததாயிற்றே என்று கேட்கலாம். செய்தது உண்மைதான். ஆனால் வேகமாகச் செல்லும் இருசக்கர வண்டியை இடப்பக்கம் திருப்ப, கைப்பிடியின் இடது முனையை முன்னோக்கி அழுத்த வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. ஓட்டுவோரில் பலருக்குத் தாம் இவ்வாறு செய்வதே தெரியாது! வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இவ்விதிகளை எந்தத் தொழிற்சாலையும் வகுக்கவில்லை. அவற்றுக்கு இணங்க வண்டி செய்யத்தான் தொழிற்சாலையால் முடிந்தது. வாகனம் ஏறும் துஆ, இறைவனிடம் திரும்புவதை நினைவூட்டி முடிவதும் காரணமற்றதன்று. ஏறியவர் எல்லாரும் இறங்கி வீடு புகுந்ததில்லை.

முதல் நாள் சவாரியில் இந்த உண்மையை உடம்பே அறிகிறது. நாவு ஓதுவதும் கை உணர்வதும் அன்று ஒன்றாக இருக்கின்றன. பழகப் பழகக் கை மறந்துவிடுகிறது. நாவு மட்டும் ஓதிக்கொண்டிருக்கிறது. பெருமை புகும் வாசல் புதுமையைவிடப் பழக்கமே என்பது நம் கருத்து. புது வண்டியில் மகிழும் இளைஞனைக் கண்டதும் கர்வம் என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்கள் நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தைப் பார்க்கட்டும். குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் பற்றிப் பேசும் அவ்வசனம், சவாரியோடு அலங்காரத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கிப்று, உஜ்பு என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். கிப்றுக்கு இன்னொருவன் வேண்டும். அவனைவிட நான் உயர்ந்தவன் என்ற எண்ணமே அது. உஜ்புக்கு எவரும் வேண்டியதில்லை. தன்னிடம் உள்ளதை வியந்து, தந்தவனை மறந்தால் போதும். ஆளில்லாச் சாலையிலும் அது வரும். சைக்கிளில் செல்லும் முதியவரை ஒலியெழுப்பி ஓரம் ஒதுக்கும்போது மற்றதும் வந்து சேர்ந்துகொள்கிறது.

குதிரை ஒருவனுக்கு நற்கூலி, ஒருவனுக்குத் திரை, ஒருவனுக்குச் சுமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பகட்டுக்காக வளர்ப்பவனுக்கே அது சுமை. திரையாகப் பெற்றவனோ அதன் முதுகில் உள்ள இறைவனின் உரிமையை மறவாதவன். கழுதைகளைப் பற்றி வினவப்பட்டபோது, அவற்றுக்கெனத் தனியே ஒன்றும் அருளப்படவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் தீமையும் காணப்படும் என்ற பொதுவான வசனத்தையே நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டினார்கள். மோட்டார் சைக்கிளும் அந்தக் கழுதைகளின் வரிசையில்தான் வரும். (650 சி.சி. வைத்திருப்போர் பொறுத்தருள்க!)

முதுகின் உரிமை என்பது வாகனமற்றவனை ஏற்றிச் செல்வதும் தேவைப்படுவோர்க்கு இரவல் தருவதும் என்று விளக்கம் கூறுவர். 241 கிலோ வண்டியைப் பழக்கமில்லாதவன் கையில் இரவல் தருவது உபகாரமாகாது. எஞ்சுவது ஏற்றிச் செல்வதே. முஆத் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கழுதையின் மீது தமக்குப் பின்னால் அமர்த்திக்கொண்டார்கள். பின்னால் அமர்பவருக்கு இன்று ஒரு தலைக்கவசமும் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவிலும் அதைக் கேட்கிறது.