கொடையா? கடனா?

ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் பொருள் இருவகைப்படும். கொடாவிடினும் குற்றமாகாத பொருளை மனமுவந்து கொடுப்பது கொடை. கொடாவிடின் குற்றமாகும் பொருளைக் கொடுப்பது கடன் தீர்த்தல். கொடைக்கு நன்றி கூறுதல் மனிதப் பண்பு. கடன் தீர்த்தவனுக்கு நாம் கொடுக்க வேண்டியது பற்றுச்சீட்டேயன்றிக் கும்பிடு அன்று. இவ்வேற்றுமை சிறுபிள்ளைக்கும் விளங்கும். எனினும் நம் தோட்டங்களிலும் பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் கடன் என்பது கொடையின் வேடம் பூண்டு உலவுகின்றது. அதனால் விளையும் தீங்கு யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன், குலை வெட்டிக்கொண்டிருந்த வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவரின் தோளில் மட்டை விழுந்து பலத்த அடிபட்டது. டாக்டர் 20 நாள் ஓய்வுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். மானேஜர் அவரை ஆபீசுக்கு அழைத்து 100 வெள்ளி கொடுத்தார். அம்மனிதர் அடிபட்ட கையையும் வலியோடு தூக்கி, இரு கையும் கூப்பி, "துரைக்குப் பெரிய மனசு" என்றார். அருகில் நின்ற நானும் ஆமென்று தலையசைத்தேன்.

தலையசைத்த எனக்கு உண்மை தெரியும். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையில் நேர்ந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவித்தல் வேண்டும். ஓய்வு நாட்களுக்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு தொழிலாளியைச் சேரும். அவர் சராசரிக் கூலி 50 வெள்ளி என்று கொண்டால், நாளொன்றுக்கு 40 வெள்ளி வீதம் 20 நாளுக்கு 800 வெள்ளி. இதற்கென்றே மாதந்தோறும் சந்தா கட்டப்பட்டு வருகின்றது; அக்கணக்கை எழுதுபவனும் நானே. ஆனால் "சின்ன அடிதானே, எழுத வேண்டாம்" என்ற சொல்லுக்கு அடங்கினேன். அவர் கேட்கவில்லையே என்பது என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

மூன்று வாரம் கழித்துப் பட்டணத்தில் வேலை பார்க்கும் அவர் மகள் ஆபீசுக்கு வந்தாள். "ஐயா, அப்பாவுக்குச் சொக்சோ எழுதினீர்களா?" என்ற ஒரே கேள்விதான் கேட்டாள். அன்று மாலையே எழுதினேன். பணமும் வந்தது. பணம் கிடைத்த அன்று அம்முதியவர் லயத்திலிருந்து என் வீடு தேடி வந்து, "கிராணி ஐயா, எல்லாம் உங்க புண்ணியம்" என்று என்னையும் கும்பிட்டார்! முதற் கும்பிடு கடனைக் கொடையாக்கிற்று; இரண்டாங் கும்பிடு மறைத்தவனையே வள்ளலாக்கிற்று. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நன்றி மறவாமை தமிழர் அறமன்றோ? திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்கு ஒரு தனி அதிகாரமே உண்டே! தொழிலாளிக்கு உரிமையைக் கற்பித்தால் நன்றியுணர்ச்சி கெட்டுவிடாதா?" என்று சிலர் கேட்பர். கெடாது. 800 வெள்ளியும் முறைப்படி சேர்ந்தபின், மானேஜர் தம் சட்டைப்பையிலிருந்து 100 வெள்ளி கொடுத்திருப்பின் அதற்கு ஆயிரம் நன்றி கூறலாம். 800-க்குப் பதிலாகக் கொடுத்த 100 கொடையன்று. அது வாயடைக்கும் விலை. உரிமை இன்னது என்று அறிந்தவனே கொடை இன்னது என்றும் அறிவான். ஆதலின் உரிமையறிவு நன்றிக்குப் பகையன்று, அதற்குத் துணையே.

"சட்டத்துக்கு அஞ்சிச் செய்வது அறமாகுமா? முதலாளி அன்பினால் செய்யட்டும் என்று விட்டுவிடலாகாதா?" என்பர் வேறு சிலர். முதலாளியைப் புண்ணியவானாக்குவது சட்டத்தின் வேலையன்று. அவர் புண்ணியவானாகும் வரையில் தொழிலாளியின் உலைப்பானை காத்திராதபடி செய்வதே அதன் வேலை. நல்ல மானேஜர் மாற்றலாகிப் போவார்; தோட்டமே கைமாறும். அன்று அவருடைய அன்பும் அவரோடு போய்விடும். சட்டமோ அடுத்து வருபவரையும் கட்டும். 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டதும், 60 நாளாக இருந்த பேறுகால விடுமுறை 2023 ஜனவரி முதல் 98 நாளானதும் சட்டத்தினாலேயாம். முதலாளிமாரின் உள்ளம் ஒரே இரவில் 38 நாளளவு இளகிவிட்டது என்று யாரேனும் சொல்வார்களா?

ஆயினும், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல இடங்களில் ஒழுகும் கொட்டகையே பள்ளி. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். சட்டத்தின் எழுத்து நிறைவேறிற்று; அதன் கருத்து பட்டினி கிடந்தது. கேட்பாரற்ற உரிமையின் கதி இதுவே.

ஆகவே தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைக்கும் அன்பர்களே! சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் அன்று; தன் பொருளைத் தானறிவது. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் 2019 முதல் சொக்சோ பாதுகாப்புக்கு உரியவர்களே, அவர்களுக்கும் சொல்லுங்கள்.

என்போன்ற எழுத்து வேலைக்காரர்களுக்கு ஒரு சொல். "அவர் கேட்கவில்லை" என்பது நமக்கு விடையாகாது. அறிந்தவன் வாய்மூடியிருந்தால், அறியாதவனின் பொருள் திருட்டுப் போகின்றது; பூட்டை உடைத்தவன் வேறொருவனாயினும் சாவியைக் கொடுத்தவர் நாமே. இப்பொழுது எங்கள் தோட்டத்தில் எவருக்கேனும் அடிபட்டால், அவர் கேட்குமுன்பே நான் தாளை எடுக்கின்றேன். அதற்காக எவரேனும் கும்பிட்டால், கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "இது உங்கள் பணம்" என்கின்றேன்.