எழுத்தாணி நின்ற இடம்

ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்ததாகக் கொள்ளப்படும் இராமானுசர், பிரம்ம சூத்திரத்தின் விரிவுரையாகிய ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்லச் சீடர் கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதினார் என்றும், உடன்பாடில்லாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பதே நிபந்தனை என்றும் வைணவ மரபு கூறும்; ஆன்மாவுக்கு அறிதலை மட்டும் இயல்பாகச் சொல்லிச் சேஷத்துவத்தை, அதாவது இறைவனுக்கே உரியதாயிருத்தலை, குரு விட்டபோது சீடர் நிறுத்தினார்; குரு சினந்தும் எழுதவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் வட்டார அரசுத் தொடக்கப்பள்ளிகளில், 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பயின்று, இரட்டைக்கோடு நோட்டில் ழகரத்தின் சுழிப்பைக் கீழிறக்கப் பழகும் குழந்தைக்கு, உடன்பாடில்லையென எழுதுகோலை நிறுத்தும் அவ்வுரிமை இல்லை. வரிவடிவம், அதாவது எழுத்தின் கட்புல உருவம், வழக்கால் அமைந்ததேயன்றி வாதத்துக்குரியதன்று. சொல்வதெழுதுதலோ வேறு: அங்கே விரல் தயங்குவதை மறதி என்றே கொள்வது அவசரம்; பொருள் விளங்காமையும் விரலை நிறுத்தியிருக்கலாம்.